முழங்கைக்கு மேடை கட்டும் முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டிக்காரர்களுடையவை. மழைக்காலம் தொடங்கினால் எப்போதும் இப்படித்தான். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துச் செம்மண் பாதைகளில் குழி விழுந்ததும், அதுவரை வாய் திறக்காமல் இருந்த இடுப்பும் தோளும் முழங்கையும் பேச ஆரம்பித்துவிடும். நான் தோட்டத்து வர்க்‌ஷாப்பில் 22 வருஷம் கிரீஸ் கையோடு நின்றவன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை ஆளுக்குத் தகுந்த மாதிரி சரிசெய்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

கேள்வி: பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் மண்டோராக இருக்கிறேன். தோட்டம் கொடுத்த ஹைலக்ஸ் பிக்கப், மேனுவல் கியர், பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் அதில்தான். இடது முழங்கையில் வலி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. ஆன்லைனில் 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முழங்கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் வைத்தேன். ஒரு மாதத்தில் வலி கூடித்தான் போயிருக்கிறது. நல்ல பிராண்ட் எது அண்ணே?
வாசகர், சுங்கை சிப்புட்

பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை தம்பி. பெட்டி வைத்த பிறகு வலி கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் அந்த மரத்துப் போகிற விரல்கள். முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த எலும்பை ஒட்டித்தான் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி போவது அந்த நரம்பு வழியாக. கையை ரொம்ப மடக்கி வைத்தால் நரம்பு இழுபடும், மடக்கிய கையை கெட்டியான மூடியின் விளிம்பில் ஊன்றினால் நசுங்கவும் செய்யும், அதற்கு மேல் வண்டி ஒவ்வொரு குழியில் விழும்போதும் அதே இடத்தில் ஒரு குத்து. உங்கள் பெட்டியை நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த விலைக்கு வருகிற பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்: மேலே ரெக்சின், அடியில் விரல் தடிமனுக்கும் குறைவான ஸ்பாஞ்ச், அதற்கும் அடியில் பிளாஸ்டிக். இரண்டு வாரம் அதைக் கழற்றி வையுங்கள். அதற்குப் பிறகும் விரல் மரத்துப் போனாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ, ராத்திரி தூக்கத்தில் மரத்துப் போய் எழுப்பினாலோ கிளினிக்கில் காட்டுங்கள். அதற்கு மேல் ஸ்பேனர் பிடித்தவனிடம் கேட்கக் கூடாது.

அப்புறம் சீட்டு. முழங்கை தொங்குவது தோளில், தோள் நிற்பது முதுகில், முதுகு நிற்பது இடுப்பில். ஆர்ம்ரெஸ்ட் கடைசியாகப் பொருத்த வேண்டிய சாமான், நாமோ முதலில் அதைத்தான் வாங்குகிறோம். உங்கள் வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது என்றீர்கள். தோட்டத்து வண்டியில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது ஏறி இறங்குவோம், ஒவ்வொரு தடவையும் சீட்டின் வலது ஓரத்தை உரசிக்கொண்டுதான் இறங்குவோம், அதனால் கதவுப் பக்கத்து ஸ்பாஞ்ச் முதலில் செத்துப் போகும். வலது பக்கம் அமுங்கிய சீட்டில் உட்கார்ந்தால் உடம்பு வலது பக்கம் சாயும். சாய்கிற உடம்பை நிமிர்த்திப் பிடிக்க எதையாவது ஊன்ற வேண்டுமே, இடது பக்கம் நீங்களே ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறீர்கள். இப்போது புரிகிறதா, அந்த முழங்கை கையின் எடையை மட்டும் தாங்கவில்லை, பாதி உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நேராக ஒரு பலகையை சீட்டின் குறுக்கே வைத்து அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் குஷன் கடையில் கொடுத்து சீட்டு ஸ்பாஞ்சை மாற்றுங்கள், மேலே உறையை மட்டும் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். தோட்டத்து வண்டிக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) மருத்துவ லீவுக் கணக்கைக் காட்டிப் பேசிப் பாருங்கள், வேறு யோசனை எனக்கு இல்லை.

சீட்டு சமமான பிறகு உட்காரும் முறை. பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள், அதுவும் ஒரு பக்கத்தை உயர்த்தும். இடுப்பை சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதியுங்கள், அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு சீட்டை விட்டு நகரவே கூடாது. நகர்ந்தால் சீட்டு தூரமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு முதுகுச் சாய்வு: இரண்டு தோளும் சீட்டைத் தொட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும், விரல் நுனி மட்டும் தொட்டால் போதாது. நம் ஆட்களில் நிறையப் பேர் சீட்டை டிவி பார்க்கிற நாற்காலி மாதிரி சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தார் ரோட்டில் அது வெறும் சோம்பல்தான், ஆனால் மேடு பள்ளத்தில் உடம்பு ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்க ஆரம்பிக்கும், வண்டியைத் திருப்ப வேண்டிய கை உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கை முஷ்டி நுழையும் அளவு இடம் வேண்டும். காற்றுப்பை இருக்கிற வண்டி என்றால் நெஞ்சுக்கும் ஸ்டீரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அளவு நாடாவை எடுக்க வேண்டும். தோளைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள், நீங்கள் உட்கார்ந்து அமுங்கிய சீட்டிலிருந்து முழங்கையின் அடி வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு 20-லிருந்து 25 செ.மீ.க்குள் வரும், உங்களுக்கு எவ்வளவோ அதுதான் உங்கள் ஆர்ம்ரெஸ்டின் உயரம், ஸ்பாஞ்ச் அமுங்குவதற்கு ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இதை விட உயர்ந்தால் தோள் காதுப் பக்கம் ஏறி கழுத்து பிடிக்கும், தாழ்ந்தால் அதை எட்டுவதற்காகச் சாய்வீர்கள், மறுபடி பழைய கதை. உடனே எதையும் வாங்க வேண்டாம். பழைய குளியல் துண்டை மடித்து ஒரு அட்டைப்பெட்டி மேல் கட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் ஒரு மடிப்பு கூட்டியோ குறைத்தோ. எந்த உயரத்தில் கை வைத்ததே மறந்து போகிறதோ அந்த உயரத்தில் செய்யச் சொல்லுங்கள். நீளம் 25, 30 செ.மீ. இருக்கட்டும், முழங்கை முனை மட்டும் இல்லாமல் முன்கையின் சதைப் பகுதியும் அதில் படுக்க வேண்டும். அடியில் கெட்டியான ஸ்பாஞ்ச், மேலே மெதுவானது ஒரு அடுக்கு, விளிம்பெல்லாம் உருட்டி, மேலே துணி உறை. ரெக்சின் நம் வெயிலில் வியர்த்து ஒட்டும், முழங்கையில் வேர்க்குருவும் வரும்.

மேனுவல் கியர் என்பதால் இன்னொன்று. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், முக்கியமாகப் பின்பக்கம் இழுக்கும் இரண்டும் நாலும். முழங்கை பெட்டியில் இடித்தால் பெட்டியைப் பின்னால் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுக்க முடிகிறதா, மெதுவாக, கூடுதல் இழுவையோடு போவதற்கான ஃபோர் வீல் லோ போடுகிற லீவர் இருந்தால் அது தடையில்லாமல் நகர்கிறதா, பெல்ட் கொக்கியில் கை போகிறதா என்றும் பாருங்கள். பெட்டியை போல்ட் போட்டு இறுக்குங்கள். சும்மா இடுக்கி வைத்த பெட்டி திடீர் பிரேக்கில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, பிரேக் பெடலுக்கு அடியில் போன ஒன்றை என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

கடைசியாக, மூடி மேலே தூக்கி மடக்குகிற மாதிரி இருக்கட்டும். ஆர்ம்ரெஸ்ட் தார் ரோட்டுக்கு உரியது. மோசமான பாதையில் இறங்கியதும் அதைத் தூக்கிவிட்டு இரண்டு கையும் ஸ்டீரிங்கில், கடிகாரத்தில் 9-க்கும் 3-க்கும் நேராக, கட்டை விரல் வளையத்துக்கு உள்ளே நுழையாமல் மேலே படுத்திருக்க வேண்டும். டயர் கல்லில் மோதி ஸ்டீரிங் சடாரென்று திரும்பினால் உள்ளே மாட்டிய கட்டை விரலை அதன் கம்பி அடிக்கும்.

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. உயரம் 152 செ.மீ. பள்ளிக்குப் போக 7 கிலோமீட்டர் மண்பாதை என்பதால் கணவரின் ஆட்டோ கியர் பிக்கப்பை ஓட்டுகிறேன். பானட் தெரியாததால் கீழே ஒரு தலையணை, பெடல் எட்டாததால் பின்னால் ஒரு தலையணை. ஆர்ம்ரெஸ்ட் இருந்தும் என் கை அதில் படுவதே இல்லை, எனக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. பள்ளி போய்ச் சேர்வதற்குள் தோள் இறுகிவிடுகிறது.
வாசகி, லிந்தாங்

டீச்சர், அந்தத் தலையணைகளை இன்றைக்கே வீட்டுக்குள் கொண்டு போய் வையுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மெத்தென்ற தலையணை மேல் உட்கார்ந்திருக்கும்போது வேகமாக பிரேக் அடித்தால் அது நசுங்கும், உடம்பு முன்னும் கீழும் வழுக்கும், இடுப்பு எலும்பில் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறிவிடும். முட்டினால் பெல்ட் வயிற்றுக்குள் இருக்கிற உறுப்புகளை அழுத்தும். பெல்ட் இருந்தும் அடிபடுவது இப்படித்தான்.

சீட்டுக்குப் பக்கத்தில் உயரம் கூட்டுகிற நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் வண்டி என்பதால் யாரும் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். சீட்டை மேலே தூக்கி, பிறகு முன்னே நகர்த்தி, பிரேக்கை ஓங்கி மிதித்தால் முழங்கால் கொஞ்சம் மடங்கி நிற்கிற அளவுக்கு வையுங்கள். உயரமான ஆளை மனதில் வைத்துச் செய்த சீட்டு என்பதால் அதன் முன் விளிம்பு உங்கள் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும், அழுத்துவதால் நீங்கள் முன்னே வழுக்கி உட்காருவீர்கள், முதுகுக்குப் பிடிமானம் போய்விடும். தோள் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முழங்காலுக்குப் பின்னால் சீட்டுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கீழ்முதுகுக்கு மூன்று நாலு செ.மீ. தடிமனில் கெட்டியான மெத்தை ஒன்று, சீட்டின் முதுகோடு வார் போட்டுக் கட்டுகிற மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்துக்கும் உயரம் போதாவிட்டால் அதே மாதிரி கெட்டியான, பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்த ஆப்பு வடிவ மெத்தை, நகராமல் கட்டியது. கையால் அழுத்தினால் அரை விரலுக்கு மேல் இறங்கக் கூடாது.

ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் மெத்தை கிடைத்தால் அதையே வெட்டித் தரச் சொல்லுங்கள், சீக்கிரம் படுத்துப் போகாது. சும்மா ஒரு பக்கப் பேச்சு: பால் மரத்துப் பாலை நுரைக்க வைத்து மெத்தை செய்யும் வித்தையை 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். நமக்குப் பக்கத்தில் கோலகங்சாரிலோ 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பால் வெட்டிய நம் தாத்தா பாட்டி படுத்தது என்னவோ தோட்டத்து லய வீட்டுப் பலகையில்தான்.

ஸ்டீரிங் மேலே கீழே இறங்குகிற வகை என்றால் மீட்டர் தெரிகிற அளவுக்குத் தாழ்த்துங்கள். உள்ளே வெளியே நகர்கிற வகை என்றால் உங்களுக்கு உள்ளே தள்ள வேண்டும், கணவருக்கு வேண்டுமானால் வெளியே. அந்த 25 செ.மீ. இடைவெளி உங்களுக்குத்தான் எல்லாரையும் விட முக்கியம், குட்டையானவர்கள்தான் ஸ்டீரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தோள் பெல்ட் கழுத்தில் உரசினால் கதவுத் தூணில் அதன் கொக்கியை இறக்க முடியுமா பாருங்கள். பெடலில் கட்டை வைத்துக் கட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், தட்டையான மெல்லிய அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடி ஷூ வண்டியிலேயே இருக்கட்டும், சேலையோடு ஓட்டும் நாளில் மடிப்பு பெடலில் சிக்காமல் செருகிக்கொள்ளுங்கள்.

ஆர்ம்ரெஸ்ட் விஷயம் நீங்கள் கவனித்தது மிகச் சரி. சீட்டு முன்னே போகும், பெட்டி அங்கேயே நிற்கும். மூடி முன்னே வழுக்கி வருகிற வகை என்றால் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் மூடி மேல் மாட்டுகிற உறை ஒன்று, முன்பக்கம் ஒரு சாண் நீண்டு இருக்கும்படி, அடியில் பலகை வைத்துத் தைக்கலாம். கியர் லீவர் பார்க்கிங்கிலிருந்து டிரைவ் வரை தட்டாமல் வருகிறதா என்று பார்த்த பிறகு. இடது காலுக்கு வேலை இல்லை என்று அதை அந்தரத்தில் விடாதீர்கள், ஓரத்தில் கால் ஊன்றும் மேடை இருக்கும், குழியில் இறங்கும்போது அதில் ஊன்றினால் இடுப்பு சீட்டோடு ஒட்டி நிற்கும், தோளுக்கு அந்த வேலை மிச்சம்.

கணவரோடு சண்டை வராமல் இருக்க: சீட்டு நகரும் தண்டவாளத்தில் உங்கள் இடத்தையும் அவர் இடத்தையும் எழுத்தை அழிக்கிற வெள்ளை லிக்விட் பேப்பரால் இரண்டு கோடு போட்டுவிடுங்கள். பள்ளியில்தான் அது நிறைய இருக்குமே.

கேள்வி: ஜன்னலில் முழங்கையை வெளியே வைத்து ஒரு கையால் ஓட்டுவது எனக்குப் பழகிவிட்டது. தவறா?
வாசகர், பீடோர்

செம்பனை மட்டையின் முள் உங்களுக்கு இன்னும் பழகவில்லை போல. பாதை ஓரத்தில் மட்டை தொங்கும் தோட்டத்தில் ஒரே ஒரு தடவை அது முழங்கையைக் கீறினால் போதும், இந்தக் கேள்வி வராது. வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தால் கை முதலில் உள்ளே வர வேண்டும், அதற்கு நேரம் இருக்காது. தார் ரோட்டிலும் ஜன்னல் விளிம்பு தோளை விட அவ்வளவு தாழ்வாக இல்லை, கையை அங்கே தூக்கி வைப்பது வலது தோளை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பதுதான். உள்ளே எடுங்கள்.

கேள்வி: கேமரன் மலையில் காய்கறித் தோட்டம். அப்பா காலத்து லேண்ட் ரோவரை இன்னும் ஓட்டுகிறேன். நான் ஆறடி. முழங்கால் ஸ்டீரிங்கில் இடிக்கிறது, வலது முழங்கை கதவில் இடிக்கிறது, இடது கைக்கு எதுவுமே இல்லை. வண்டியை விற்கச் சொல்லாதீர்கள் ஐயா.
வாசகர், ரிங்லெட்

விற்கச் சொல்ல மாட்டேன், நானும் அதில்தான் வேலை கற்றேன். 1948-ல் முதல் லேண்ட் ரோவர் வந்ததிலிருந்து, பிறகு 1990-ல் டிஃபெண்டர் என்று பெயர் வைத்து 2016 ஜனவரியில் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வரும் வரை, டிரைவரைக் கதவோடு ஒட்டி உட்கார வைக்கும் பழக்கம் மாறவே இல்லை. முன்னால் மூன்று பேர் உட்கார இடம் விட்டார்கள், அந்த மூன்றாவது ஆளின் இடத்துக்கு நம் முழங்கை விலை கொடுக்கிறது. ஆறடி ஆட்கள் எல்லாரும் இதே புகார்தான் சொல்வார்கள், உங்கள் உடம்பில் குறை இல்லை.

முழங்காலுக்கு: சீட்டைப் பின்னே தள்ள முடியுமா என்பது வண்டியின் உடம்பைப் பொறுத்தது. பின்னால் தகடு அடைத்த பிக்கப் என்றால் அந்தத் தகடுதான் எல்லை, அதை வெட்ட நினைக்காதீர்கள், கூண்டின் பலத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்டேஷன் வேகன் என்றால் சீட்டின் தண்டவாளத்தைப் பின்னுக்கு நீட்டும் கிட் இருக்கிறது, அதைப் போடலாம். வாஷரை அடுக்கி சீட்டை உயர்த்துவது, பட்டறையில் கம்பி வெட்டி ஒட்டவைப்பது இதெல்லாம் கூடாது, முட்டினால் ஆளோடு சேர்த்து சீட்டின் எடையையும் அந்த போல்ட்தான் பிடிக்கணும். இரண்டாவது வழி சின்ன ஸ்டீரிங். தொடைக்கு இடம் கிடைக்கும், ஆனால் பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி என்றால் கோஸ் மூட்டையோடு மலை வளைவில் திருப்பும்போது அப்பாவை நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு ஒத்துவந்தது மூன்றாவது வழி: பழைய சீட்டின் அமுங்கிப் போன அடி ஸ்பாஞ்சை மாற்றும்போது முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, தொடை சரிவாக இறங்கும்படி செய்யச் சொன்னேன். ஒரு இஞ்சு கிடைத்தது. அந்த வண்டியில் ஒரு இஞ்சு என்பது பெரிய சொத்து.

வலது முழங்கைக்கு அற்புதம் எதுவும் இல்லை. கதவின் உள்பக்கம் இடிக்கிற இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டலாம், தடிமனாக ஒட்டினால் இடம் இன்னும் குறையும். கையை 3-க்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் கீழே 4-க்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், முழங்கை வயிற்றுப் பக்கம் ஒதுங்கும்.

இடது கைக்குத்தான் நல்ல செய்தி. நடு சீட்டை யாரும் பயன்படுத்துவதில்லை என்றால் அதை எடுத்துவிட்டு கபி பாக்ஸ் என்கிற பூட்டு போட்ட பெட்டியை அங்கே பொருத்தலாம், அதன் மூடிதான் லேண்ட் ரோவர்காரர்களின் ஆர்ம்ரெஸ்ட். உயரத்தை மேலே மண்டோர் தம்பிக்குச் சொன்ன மாதிரி அளந்து செய்யுங்கள், கடையில் வருகிறது பலருக்கும் தாழ்வாக இருக்கும், மூடி மேல் ஸ்பாஞ்ச் கூட்டினால் சரியாகிவிடும். நீளமான கியர் லீவரும் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரும் எல்லாப் பக்கமும் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். இருக்கை எண்ணிக்கை குறைவதால் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: சீட்டு சூடு தாங்க முடியவில்லை. லெதர் உறை போடலாமா, துணி உறை போடலாமா?
வாசகி, தெலுக் இந்தான்

துணி. வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் ரெக்சின் மேல் உட்கார்ந்தால் சூட்டுக்காக முதுகைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவோம், ஆறு மணிக்கு இடுப்பு வலி என்று தைலம் தேடுவோம். மழை நாளில் சேறு படிந்தால் கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். வழுவழுப்பான துணி வேண்டாம், மேட்டில் ஏறும்போது உடம்பு பின்னால் வழுக்கும், இறக்கத்தில் முன்னால்.

ஒன்று மட்டும் கட்டாயம் பாருங்கள். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன பட்டை தைத்திருந்தால் பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இறுக்கி மூடுகிற உறையைப் போட்டால் பை வெளியே வர வழி இருக்காது. அந்த இடத்தில் திறந்திருக்கும் உறை, அல்லது அதற்காகவே பிரிகிற தையல் போட்ட உறை கேட்டு வாங்குங்கள். சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் அடியில் மஞ்சள் பிளக் இருக்கும், அது பொதுவாகக் காற்றுப்பை வயர். சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பிடுங்கக் கூடாது, பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து பிறகு தொட வேண்டும். தெரியாதவர்கள் குஷன் கடைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் போவது நல்லது.

கேள்வி: சீட்டு, ஸ்டீரிங், ஆர்ம்ரெஸ்ட் எல்லாம் சரி செய்தாகிவிட்டது. மண்பாதையில் அரை மணி நேரம் ஓட்டினால் இடுப்பு கழன்று போகிறது. என்ன செய்ய?
வாசகர், தாப்பா

டயர் காற்றைப் பார்த்தீர்களா? பாரம் ஏற்றுவதற்காகத் தூக்கி அடித்த காற்றை அப்படியே வைத்துக்கொண்டு வெறும் வண்டியை ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் பட்டைகள் எடை சுமக்கப் பிறந்தவை, எடை இல்லாவிட்டால் குதிக்கத்தான் செய்யும். உட்கார்ந்திருக்கும் உடம்பு நொடிக்கு 4-லிருந்து 8 தடவை மேலும் கீழும் ஆடுகிற அதிர்வைத்தான் மிக மோசமாக உணரும், அந்த மாதிரி ஆட்டம் மண்பாதையில் தாராளமாகக் கிடைக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் வெறும் வண்டிக்கு என்ன காற்று என்று இருக்கும், முதலில் அந்த அளவுக்கு வாருங்கள். மெதுவாகப் போகும் மண்பாதைக்கு அதிலிருந்து 5, 6 பிஎஸ்ஐ குறைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். பாரம் இருந்தால் குறைக்காதீர்கள். தார் ரோட்டுக்கு வந்து வேகம் எடுக்கும் முன் திரும்ப அடித்துவிடுங்கள், காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும். வண்டியில் ஒரு சின்ன பம்ப் இருந்தால் சோம்பல் வராது. அப்புறம் வேகம். முப்பதில் போகிற பாதையில் ஐம்பதில் போய்விட்டு சீட்டைத் திட்டுகிறவர்களும் எனக்கு எழுதுகிறார்கள், நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

கேள்வி: போன் சார்ஜ் ஆகிற, கலர் கலராக விளக்கு எரிகிற ஆர்ம்ரெஸ்ட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தேன். வாங்கலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

உங்களுக்குத் தேவை விளக்கா, கை வைக்க இடமா? விளக்குதான் என்றால் வாங்குங்கள், ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுக்க மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: நடு ஆர்ம்ரெஸ்ட் சரியான உயரம், ஆனால் கதவில் இருப்பது அதை விட இரண்டு விரல் தாழ்வு. ஹைவேயில் ஒரு மணி நேரம் போனால் வலது பக்கம் சாய்ந்திருப்பது எனக்கே தெரிகிறது.
வாசகர், பாகான் செராய்

இதைக் கவனித்ததே பெரிய விஷயம். நடுவில் இருப்பதைத் தாழ்த்தாதீர்கள், கதவில் இருப்பதை உயர்த்துங்கள். கெட்டியான ஸ்பாஞ்சை இரண்டு விரல் தடிமனில் வெட்டி, துணி உறை தைத்து, ஒட்டும் பட்டையால் கதவின் கைப்பிடி மேடையில் ஒட்டுங்கள். ஜன்னல் சுவிட்சும் கதவு திறக்கும் பிடியும் மறையக் கூடாது, முன் முனையைச் சரிவாக வெட்டினால் சுவிட்சில் விரல் தடையில்லாமல் போகும். என் வண்டியில் இருப்பது மகள் தைத்த பழைய கைலித் துணி உறை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் போய்விடும்.